ஜமுக்காளத்தில் கிடக்கும் கழுதை

நண்பர்களே, வணக்கம். திரையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டையும் படைத்தவர் ஸ்பெயின் நாட்டு பிரான்சிஸ்கோ கோயா. விளையாட்டும் ஒன்றேதான். கார்னிவல் திருவிழா நாட்களில் பெண்கள் கூடி, வைக்கோல் திணித்த ஆண் பொம்மையை ஜமுக்காளத்தில் போட்டு மேலே எறிந்து எறிந்து பிடிப்பார்கள். அந்தப் பொம்மைக்கு ‘பெலெலே’ என்று பெயர்.

இடப்பக்கம் இருப்பது 1791-92இல் அரசருக்காகத் தீட்டியது. எஸ்கோரியல் அரண்மனையில் தொங்கவிடும் திரைச்சீலைக்கு மாதிரி ஓவியம். நான்கு பெண்கள், பின்னால் மரங்கள், வெளிச்சமான வானம். பொம்மையின் கழுத்தைக் கவனியுங்கள், எப்படித் துவண்டு கிடக்கிறது! கன்னத்தில் மட்டும் பூசிய சிவப்பு.

வலப்பக்கம் இருப்பது சுமார் கால் நூற்றாண்டு கழித்துச் செய்த எட்சிங், அதாவது செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த அச்சுப்படம். இடையில் கோயாவுக்குக் காது முற்றிலும் போய்விட்டது. 1808 முதல் 1814 வரை நாட்டில் போர். போர் முடிந்து திரும்பிய அரசர் ஏழாம் பெர்னாண்டோ, அரசியல் சாசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றத்தை மறுபடி கொண்டுவந்தார்.

இப்போது பாருங்கள். ஆறு பெண்கள். காற்றில் இரண்டு பொம்மைகள். முன்பு ஆளுயரம் இருந்தது, இங்கே குழந்தை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரங்களைக் காணோம். ஜமுக்காளத்திலோ ஒரு கழுதை! கூடவே ஒரு மனிதனும் கிடக்கிறான்.

பின்னால் பரவியிருக்கும் அந்தச் சாம்பல் நிறம் தூரிகையால் வந்ததல்ல. பிசின் பொடியைத் தகட்டில் தூவிச் சூடுகாட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இட்டால், துகள்களின் இடுக்கில் மட்டும் செம்பு அரிபடும். அந்த நுண்குழிகளில் மை தங்கி இப்படி அச்சாகும். இதற்கு அக்வாடின்ட் என்று பெயர். அமிலம் அரித்து உண்டான வானம் இது. முதல் படத்தின் நீல வானத்தை விட இதுதான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைக்கிறது.

ஆண்களை ஆட்டிவைக்கும் பெண்களைப் பற்றிய கேலி என்று இதைச் சொல்வதுண்டு. எனக்கு அது போதவில்லை. கேலி மட்டும்தான் என்றால் பொம்மைகளே போதுமே. கனத்த கழுதையை எதற்கு அதில் கிடத்த வேண்டும்? அதைத் தூக்கி எறிய யாரால் முடியும்?

1824இல் கோயா பிரான்சுக்குப் போனபோது இந்த எட்சிங் இடம்பெற்ற வரிசையின் தகடுகள் மாட்ரிட்டிலேயே தங்கிவிட்டன. 1828இல் அங்கேயே போர்தோ நகரில் இறந்தார். அதன்பின் 36 ஆண்டுகள் கழித்து, 1864இல் மாட்ரிட்டின் சான் பெர்னாண்டோ கலை அகாதமி 18 தகடுகளை அச்சிட்டு ‘பழமொழிகள்’ என்று பெயர் வைத்தது. கோயா சில சோதனைப் பிரதிகளில் தன் கைப்பட எழுதி வைத்திருந்த சொல்லோ வேறு: ‘டிஸ்பராத்தே’. பித்துக்குளித்தனம்.