கூப்பிடாமல் வந்த கூப்பர்: ஆர்கன் தெரியாதவர் வாசித்த ஆர்கன்

(திரை இருட்டாக இருக்கிறது. ஓர் ஆர்கன் ஒலி மட்டும் மெல்ல எழுகிறது.)

ஒரு கல்யாணத்துக்குப் போகிறீர்கள். மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்றால் இரண்டும் இல்லை. நாதஸ்வரக்காரர் தெரிந்தவர் என்பதால் சும்மா பார்க்கப் போயிருக்கிறீர்கள். தவில்காரர் எழுந்து சாப்பிடப் போகிறார். அந்த இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்து, கழுத்தில் வாரை மாட்டிக்கொண்டு, கெட்டிமேளம் கொட்டிவிடுகிறீர்கள். அடிக்காமல் விட்டால் ஆச்சரியம்தான், இல்லையா?

1965 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் ஒருவர் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். அவருக்கு வயது 21. அவர் வாசித்தது ராக் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஆர்கன் இசை ஆகிவிட்டது. அந்த வாத்தியத்தை எப்படி ஆன் செய்வது என்றுகூட அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

வணக்கம் மக்களே. இன்றைக்கு அல் கூப்பர். பெயரைக் கேட்டதும் "யார் இது?" என்று நினைத்தால் உங்கள் மேல் தப்பில்லை. அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்கு இவர் பாட்டு தெரியும், பேர் தெரியாது.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் போனால் கமெண்டில் திட்டுவீர்கள். 1944-இல் புரூக்ளினில் பிறந்தார், குயின்ஸில் வளர்ந்தார். பதினாலு வயதில் ராயல் டீன்ஸ் என்ற குழுவில் கிதார் வாசிக்கப் போய்விட்டார். அப்புறம் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கூலிக்குப் பாட்டு எழுதும் வேலை. அதில் ஒன்று 'திஸ் டைமண்ட் ரிங்'. டிரிஃப்டர்ஸ் குழுவை மனத்தில் வைத்து எழுதினார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸின் மகன் கேரி லூயிஸ் தன் குழுவோடு பாடி, 1965 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம். கூப்பருக்கு அந்தப் பதிவு கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதலிடம் வந்த பாட்டையே பிடிக்காத ஆள் என்றால் காது எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

சரி, இப்போது ஸ்டுடியோவுக்குப் போவோம்.

(திரையில்: செவன்த் அவென்யூ, கொலம்பியா ஸ்டுடியோ ஏ)

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் புதுப் பாட்டு பதிவு செய்கிறார். பெயர் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. தயாரிப்பாளர் டாம் வில்சன் கூப்பருக்கு நண்பர், "வந்து வேடிக்கை பார்" என்று அழைத்திருந்தார். கவனியுங்கள், வேடிக்கை பார்க்கத்தான். கூப்பர் என்ன செய்தார்? கிதாரை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய், வாசிக்க வந்தவர் மாதிரியே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். இந்தத் துணிச்சலுக்குத் தமிழில் நல்ல வார்த்தை ஒன்று உண்டு. குடும்பத்தோடு பார்ப்பவர்கள் இருப்பதால் சொல்லவில்லை.

அப்போது டிலனோடு மைக் புளூம்ஃபீல்டு உள்ளே வருகிறார். சிகாகோ புளூஸ் கிதாரிஸ்ட். கிதாருக்கு உறைகூட இல்லை, நனைந்து போயிருக்கிறது. ஒரு துணியால் துடைத்துவிட்டு, செருகி, வாசிக்க ஆரம்பிக்கிறார். கூப்பர் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு கிதாரைக் கேட்டதில்லை. சத்தம் போடாமல் தன் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்ட்ரோல் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பால் கிரிஃபினை பியானோவுக்கு மாற்றுகிறார்கள். ஆர்கன் காலி. கூப்பர் வில்சனிடம் போய், "என்னிடம் இதற்கு ஓர் அருமையான யோசனை இருக்கிறது" என்கிறார். யோசனையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, சுத்தப் பொய். வில்சன், "நீ ஆர்கன் வாசிப்பவனே இல்லையே" என்கிறார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வருகிறது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கூப்பர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் வண்டியை நிறுத்துகிறேன். இந்த வீடியோ செய்ய நான் ஆசைப்பட்டதே இதற்காகத்தான்.

(திரையில்: ஹேமண்ட் ஆர்கன், இரண்டு சுவிட்சுகள் நெருக்கத்தில்)

அது ஹேமண்ட் ஆர்கன். அதை ஆன் செய்ய ஒரு சுவிட்ச் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று 'ஸ்டார்ட்', இன்னொன்று 'ரன்'. ஸ்டார்ட்டை ஏழெட்டு விநாடி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை விடாமலே ரன்னைப் போட வேண்டும். இன்னும் சில விநாடி பொறுத்துத்தான் ஸ்டார்ட்டை விடலாம். கிராமத்தில் மோட்டார் ரூமில் நின்று ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். பச்சைப் பொத்தானைச் சீக்கிரம் விட்டால் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும், அப்பா வீட்டிலிருந்தே கத்துவார்.

ஏன் இப்படி? இதைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹேமண்ட் கடிகாரம் தயாரித்தவர். மின்சாரக் கடிகாரத்தில் ஓடும் ஒருவகை மோட்டாரை 1935-இல் ஆர்கனுக்குள் வைத்துவிட்டார். உள்ளே 91 பல்சக்கரங்கள் சுழலும். ஒவ்வொன்றும் காந்தத்தின் பக்கத்தில் சுற்றும்போது ஒரு ஸ்வரம் பிறக்கும். அந்த மோட்டார் மின்சாரத்தின் அலைவேகத்தோடு பூட்டிக்கொண்டு ஓடும், ஆனால் தானாகக் கிளம்பாது. யாராவது தள்ளிவிட வேண்டும். அந்தத் தள்ளல்தான் ஸ்டார்ட் சுவிட்ச்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்த வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பது மின்சார வாரியம் என்பதுதான்! அமெரிக்காவில் விநாடிக்கு 60 சுற்று மின்சாரம், நம் ஊரில் 50. அங்கே செய்த ஹேமண்டை இங்கே கொண்டுவந்து அப்படியே செருகினால் எல்லாமே மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிவிடும். பாடகர் மேலே, ஆர்கன் கீழே. கச்சேரி அன்றோடு சரி.

அன்றைக்குக் கூப்பருக்கு இந்த இரண்டு சுவிட்ச் சமாசாரம் தெரியாது. நல்ல வேளையாக, எழுந்து போன கிரிஃபின் அதை அணைக்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்திருந்தால் தன் ஆர்கன் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும் என்று கூப்பரே பல முறை சொல்லியிருக்கிறார்.

அடுத்த சிக்கல், அவர் வாசிப்பது அவருக்கே கேட்கவில்லை. ஆர்கனின் ஸ்பீக்கர் அறையின் மறுபக்கம், மேலே போர்வை போட்டு மூடியிருந்தது. பாட்டும் புதிது. அதனால் மற்றவர்கள் எந்தக் கட்டையில் இறங்குகிறார்கள் என்று கேட்டு, உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு கையை வைத்தார். தாளத்தில் அரை எண்ணிக்கை பின்னால். பாட்டை இப்போது போட்டுக் கேளுங்கள், ஆர்கன் எல்லோரையும்விட ஒரு மூச்சு தாமதமாக வரும். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு அரை இடம் தள்ளி எடுப்பது புதிதில்லை, ஆனால் அங்கே அது கணக்கு. இங்கே முழுக்க முழுக்க பயம். அந்தத் தயக்கம்தான் பாட்டுக்கு ஒரு ஊஞ்சலாட்டத்தைக் கொடுத்தது என்பது என் கட்சி.

பதிவை மறுபடி போட்டுக் கேட்கிறார்கள். ஆர்கன் ஒலியைக் கூட்டச் சொல்கிறார் டிலன். "அவன் ஆர்கன் வாசிப்பவன் இல்லை" என்கிறார் வில்சன். யார் ஆர்கன் வாசிப்பவன், யார் இல்லை என்று எனக்குச் சொல்லாதே, கூட்டு என்கிறார் டிலன். அன்றைய நாலாவது டேக். அதன் பிறகும் பதினொரு முறை முயன்றார்கள், எதுவும் அந்த நாலாவதுக்கு ஈடாகவில்லை. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அப்புறம் ஊரில் இருந்த ஆர்கன்காரர்கள் எல்லாம் 'டிலன் ஆர்கன்' என்று இதைக் காப்பியடிக்க ஆரம்பித்தார்கள். தெரியாமல் வாசித்ததைத் தெரிந்தவர்கள் பயிற்சி எடுத்து வாசிக்கிறார்கள்! கூப்பருக்கே சிரிப்பு.

இன்னும் லைக் போடாதவர்கள் ஸ்டார்ட் பொத்தான் என்று நினைத்து எட்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

மிச்ச வாழ்க்கையில் பாதி ஒரு வாக்கியத்தில் அடங்கும்: ஒரு மாதம் கழித்து நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்கிதாரோடு மேடையேறிக் கூச்சல் வாங்கியபோது உடன் வாசித்தார், 1966-இல் நாஷ்வில் போய் 'புளோண்ட் ஆன் புளோண்ட்' ஆல்பத்தில் வாசித்தார், நடுவில் புளூஸ் புராஜெக்ட் குழுவில் இருந்தார்.

1967-இல் பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழுவைத் தொடங்கினார். ராக் குழுவுக்குள் டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் கொண்டுவந்த குழு அது. ஒரே ஆல்பம். பிறகு குழுவினர், பாட வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், நீ கீபோர்டோடு இரு என்கிற மாதிரி பேச, இவர் வெளியேறிவிட்டார். இவர் இல்லாமல் வந்த இரண்டாவது ஆல்பம் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. அந்த வருடம் தோற்றவர்களின் வரிசையில் பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' இருந்தது. தான் கட்டிய வீட்டில் வேறு ஆள் கிரகப்பிரவேசம் நடத்திய கதை. எனக்கு இன்னும் அந்த முதல் ஆல்பம்தான் பிடிக்கும், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

1968-இல் அந்தப் பழைய புளூம்ஃபீல்டைக் கூப்பிட்டு, ஸ்டுடியோவில் சும்மா வாசித்துப் பதிவோம் என்றார். முதல் நாள் பிரமாதமாகப் போனது. மறுநாள் காலை ஆளைக் காணோம். தூக்கம் வரவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தது. கூப்பர் போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார், ஸ்டீபன் ஸ்டில்ஸ் வந்தார். முதல் பக்கம் ஒரு கிதாரிஸ்ட், மறுபக்கம் இன்னொருவர். அதுதான் 'சூப்பர் செஷன்', பட்டியலில் 12-ஆம் இடம். ஒரு காலத்தில் இவரைக் கிதார் பெட்டியை மூட வைத்த மனிதர் ஓடிப்போனதால் வந்த ஹிட்.

அதே வருடம் லண்டனில் ரோலிங் ஸ்டோன்ஸுடன் 'யூ காண்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வாண்ட்'. பியானோ, ஆர்கன் இரண்டும் இவர். தொடக்கத்தில் தனியாக ஒரு கொம்பு வாத்தியம் ஊதுமே, அந்த பிரெஞ்சு ஹார்னும் இவரேதான்.

இப்போது அந்தக் காது. கொலம்பியா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது லண்டனிலிருந்து ஒரு கட்டு இசைத்தட்டுகளோடு திரும்பினார். அதில் ஸோம்பீஸ் என்ற குழுவின் ஆல்பம் ஒன்று. முதலாளி கிளைவ் டேவிஸிடம் போய், இதை எப்படியாவது அமெரிக்காவில் வெளியிடுங்கள் என்று நச்சரித்தார். அந்தக் குழு அதற்குள் கலைந்தே போய்விட்டது. வெளியானது. 'டைம் ஆஃப் தி சீசன்' 1969-இல் மூன்றாம் இடம். கலைந்துபோன குழுவுக்கு ஹிட்! பெயரும் ஸோம்பீஸ். செத்த பிறகு எழுந்து நடந்தார்கள், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தயாரிப்பாளர் கூப்பர் என்றால் எனக்கு அட்லாண்டாதான். 1972-இல் ஃபூனோக்கியோஸ் என்ற கிளப்பில் ஜாக்சன்வில்லிலிருந்து வந்த ஒரு குழு வாசித்தது. லினர்ட் ஸ்கினர்ட். தெற்கத்திப் பையன்கள். தொடர்ந்து போய்க் கேட்டார், மேடையேறி உடன் வாசித்தார், ஒப்பந்தம் பேசினார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் ராத்திரி பாடகர் ரானி வான் ஸான்ட்டிடமிருந்து போன்: எங்கள் வேனையும் வாத்தியங்களையும் திருடிவிட்டார்கள், 5,000 டாலர் கடன் கிடைக்குமா? கூப்பர் கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டார். அந்த 5,000-க்கு நீ ஒரு குழுவையே வாங்கிவிட்டாய் என்றாராம் ரானி. கூப்பர் தன் நினைவு நூலில் எழுதியிருப்பது.

முதல் மூன்று ஆல்பங்கள் இவர் தயாரிப்பு. 'ஃப்ரீ பேர்ட்', 'ஸ்வீட் ஹோம் அலபாமா' எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஆனால் 'சிம்பிள் மேன்' விஷயத்தில் அந்தக் காது தவறிவிட்டது. இந்தப் பாட்டு வேண்டாம் என்றார். குழுவினர் சொல்லும் கதைப்படி, ரானி இவரை மரியாதையாக வெளியே அழைத்துப் போய், இவருடைய சொந்த பென்ட்லி காரின் கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்து, நாங்கள் முடித்ததும் கூப்பிடுகிறோம் என்று கதவைச் சாத்திவிட்டார். கூப்பிடாத இடத்தில் போய் உட்கார்ந்து வாழ்க்கையைத் தொடங்கிய மனிதரை, சம்பளம் கொடுக்கும் வேலையிலிருந்தே வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டு இன்றைக்கும் ஓடுகிறது. அதில் ஆர்கன் யார் தெரியுமா? கூப்பரேதான், 'ரூஸ்வெல்ட் கூக்' என்ற புனைபெயரில். உள்ளே எப்படி மறுபடி நுழைந்தார் என்று எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை.

அதற்குப் பிறகு டியூப்ஸ் குழுவின் முதல் ஆல்பம், ஜார்ஜ் ஹாரிசனோடு கீபோர்டு, பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில் வாத்தியார் வேலை, ஸ்டீபன் கிங் மாதிரி எழுத்தாளர்கள் சேர்ந்து நடத்திய ராக் குழுவுக்கு இசை இயக்குநர் வேலை. எழுத்தாளர்களைத் தாளத்தில் நிறுத்துவது ஹேமண்டைக் கிளப்புவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். 1994-இல் பீஸ்டி பாய்ஸ் இவருடைய பழைய 'ஃப்ளூட் திங்'கை எடுத்துத் தங்கள் ராப்புக்கு அடியில் போட்டார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இவர் பேர் தெரியாது, இசை தெரியும். பழைய கதைதான்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவரைச் சேர்த்தது 2023-இல். 79 வயதில். இந்த ஒரு தடவை முறைப்படி அழைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது ஹெட்போனை மாட்டுங்கள். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' போடுங்கள். பல்லவி வருகிற இடத்தில் ஆர்கனை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடம், எந்த விநாடியில் அந்தத் தாமதம் உங்கள் காதில் விழுந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். நான் குறித்து வைத்திருக்கும் இடத்தைப் பின் செய்திருக்கிறேன், நீங்கள் எழுதிய பிறகு பாருங்கள்.