பாசம் என்னும் சொல்

அவையிலுள்ள சான்றோர்க்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வணக்கம்.

காதல் கலவாத அன்பைக் குறிக்கப் பரிவு, வாஞ்சை, நேசம், கேண்மை எனத் தமிழில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் நாம் மிகுதியாகப் புழங்குவதும், பொருளை எண்ணிப் பாராமலே புழங்குவதுமான 'பாசம்' என்ற ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

பாசம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் முதற்பொருள் கயிறு. அந்தப் பொருள் மறந்துபோனதால்தான் எமன் கையிலிருப்பதைப் 'பாசக்கயிறு' என்று இரட்டித்துச் சொல்கிறோம். சைவ சித்தாந்தம் பதி என்னும் இறைவன், பசு என்னும் உயிர், பாசம் என்று மூன்றாக வகுத்து, ஆணவம், கன்மம், மாயை என உயிரைக் கட்டியிருக்கும் தளைக்கு இப்பெயரையே வைத்தது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் 'பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே' என்று பாடி, அடுத்த அடியை 'நேச அருள்புரிந்து' என்று தொடங்குகிறார். எதுகைக்காக அருகருகே வந்து நிற்கும் இவ்விரு சொற்களுள், பாசம் அறுபட வேண்டியது, நேசம் இறைவன் அருள்வது. இன்றோ 'நேசமும் பாசமும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிறோம். அறுக்க வேண்டிய கட்டுக்குப் பெயராக இருந்த சொல், தாய் தன் பிள்ளைமேல் வைத்திருக்கும் அன்புக்குப் பெயராகிவிட்டது.

இதைச் சொல்லின் சிதைவு என்று நான் கருதவில்லை. கயிறு இன்னும் அச்சொல்லுக்குள் இருக்கிறது என்பதை நம் வழக்கே காட்டுகிறது. முன்பின் அறியாத பத்திரிகை ஆசிரியருக்கும் 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்று எழுதலாம்; 'பாசமுள்ள' என்று தொடங்கும் கடிதமோ தங்கைக்கோ தம்பிக்கோதான் போகும். எல்லோரிடமும் அன்பு காட்டு என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம். எல்லோரிடமும் பாசம் காட்டு என்று சொன்னால் காதுக்கே ஒவ்வாது. ஏனெனில், அன்பை அறமாக விதிக்க முடியும். பாசம் விதித்து வருவதன்று, ஏற்கெனவே உள்ள ஓர் உறவிலிருந்து கேட்காமலே எழுவது. 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்ற பழமொழி சொல்வது இதைத்தான்.

குறளின் அன்புடைமை, அருளுடைமை அதிகாரங்களுக்கு முன்னுரை தரும் உரையாசிரியர் பரிமேலழகர், அன்பைத் தொடர்புடையாரிடத்துக் கொள்வதாகவும், அருளைத் தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வதாகவும் பிரிக்கிறார். இன்றைய பேச்சு வழக்கில் அவருடைய 'அருள்' இருந்த இடத்துக்கு அன்பு விரிந்து சென்றுவிட, அன்பு விட்டுச் சென்ற இடத்தைப் பாசம் நிரப்பியிருக்கிறது என்பது என் கருத்து.

கட்டு என்ற பொருள் வேறோர் இடத்தில் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. மகன் செய்த தவற்றைத் தந்தை காணாததுபோல் விட்டுவிட்டால், 'பிள்ளைப்பாசம் கண்ணை மறைக்கிறது' என்கிறோம். அதே இடத்தில் 'அன்பு கண்ணை மறைக்கிறது' என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. குறை சொல்லும்போதுகூட அந்தத் தந்தையை நாம் முழுதாக வெறுப்பதில்லை. கட்டுண்டவன் என்ற இரக்கமும் அந்தத் தொடரில் சேர்ந்தே ஒலிக்கிறது. பாராட்டையும் பழியையும் ஒருங்கே தாங்குவதால்தான் இச்சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்தக் கட்டு குருதியால் மட்டும் வருவதன்று. 'பெற்ற பாசமா, வளர்த்த பாசமா' என்று பட்டிமன்றம் நடத்தும் அளவுக்கு இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க நம் மக்கள் இசைந்திருக்கிறார்கள். பெறாத பிள்ளைக்கு இரவெல்லாம் விழித்திருந்து மருந்து புகட்டியவளிடம் இருப்பதையும் பாசம் என்கிறோம். வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே படுத்துக் கிடக்கும் நாயிடம் இருப்பதையும் பாசம் என்கிறோம். கூடி வாழ்ந்த நாள்களே அங்கே கயிறாகத் திரிந்திருக்கின்றன.