டர்போ எஞ்சின் ஹெட்டுக்கு எஸ்எஸ் ஸ்டட் போடலாமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அலுமினிய பிளாக், அதில் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, ஏற்றப் போகிறாராம். ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்துக்கு, கழற்றிய பழைய போல்ட்டையே போடலாமா, ஸ்டட் (தலையில்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி, மேலே நட் போட்டு இறுக்குவது) வாங்கணுமா, நம்ம பக்கம் உப்புக்காற்று ஆச்சே, எஸ்எஸ்ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்) கடைந்து போட்டால் துரு பிடிக்காதே என்கிறார்.

முதலில் எஸ்எஸ்ஸை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் படகில் எது துருப்பிடித்தாலும் எஸ்எஸ் போடு என்பது நமக்குப் பழகிவிட்டது. கைப்பிடிக்குச் சரி, ஹெட்டுக்கு வேண்டாம். கடையில் கிடைக்கிற ஏ2-70 எஸ்எஸ் போல்ட் 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும், தலையில் 10.9 என்று பொறித்த எஃகு போல்ட் 900 வரை தாங்கும். நேர்பாதி. போதாக்குறைக்கு எஸ்எஸ் மரையில் எஸ்எஸ் நட்டை இறுக்கும்போதே இரண்டும் கவ்விக்கொண்டு நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) டிக் என்று சொல்லும், ஹெட்டில் இறுக்கமே இருக்காது.

அடுத்து பழைய போல்ட். நங்கூரக் கயிறு இழுபட்டு விறைத்து நிற்பதால்தானே படகு நிற்கிறது, ஹெட் போல்ட்டும் அப்படித்தான், துளி நீண்டு, திரும்பிச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டை அமுக்குகிறது. உங்கள் சிலிண்டர் 74 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், எரியும்போது 80 பார் அழுத்தம் வந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டைச் சுமார் மூன்றரை டன் விசையில் தூக்கும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கூடக் கூட இதுவும் கூடும். மேனுவலில் கடைசி இறுக்கத்தை டிகிரி கணக்கில் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் ஒருமுறை நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட், அதை மறுபடி போடவே போடாதீர்கள். பூஸ்ட் கொஞ்சம்தான் என்றால் புது ஒரிஜினல் போல்ட்டே போதும், கூடுதல் என்றால் ஸ்டட்.

ஸ்டட்டில் லாபம் என்ன என்றால், போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது, பிளாக் மரையை அரைக்கவும் செய்கிறது, அலுமினியத்தில் நாலு தடவை கழற்றி மாட்டினால் மரை போச்சு. ஸ்டட் பிளாக்கில் அசையாமல் நிற்கும், மேலே நட் மட்டும் பொடி மரையில் சுற்றும். அதனால் ஸ்டட்டைக் கையால் திருகி உட்கார வைத்தால் போதும், அதை ரெஞ்ச் போட்டு நெரிக்காதீர்கள். ரகம் என்று பார்த்தால் 8740 குரோமோலி எஃகு போதும், பணம் இருந்தால் ஏஆர்பி கம்பெனியின் ஏஆர்பி 2000 ரகம். எல்19 என்ற ரகம் அதைவிட வலுவானதுதான், ஆனால் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் குணம் வந்துவிடும், வியர்வைக் கையால்கூடத் தொடக் கூடாது. மண்டபத்தில் ஈரம் படாமல் எதை வைக்க முடியும்? விடுங்கள்.

அப்புறம் மரைத்துளை. என் பட்டறையில் நானே பண்ணின தப்பு இது. ஹெட்டைக் கழுவின தண்ணீர் அடிமூடிய துளையில் தேங்கியிருந்ததைப் பார்க்காமல் போல்ட்டை இறக்கிவிட்டேன். கடைசிச் சுற்றில் ரெஞ்ச் திடீரென்று லேசாகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளையிலிருந்து தண்ணீர்ப் பாதை வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தண்ணீர் அமுங்காதே, பிளாக்தான் விரிந்தது. காற்றடித்து, துணி சுற்றின குச்சி விட்டு, அது காய்ந்து வரும்வரை விடாதீர்கள். துளை தண்ணீர்ப் பாதையில் திறந்தால் அந்த மரைக்கு மட்டும் சீலன்ட் வேண்டும்.

நீங்கள் திருகுகிற விசையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது, பத்துதான் இழுவையாகிறது. அதனால் ஸ்டட்டோடு வருகிற மாலி பசையை (உராய்வைக் குறைக்கும் வழுக்குப் பசை) நட்டின் மரையிலும் அடியிலும் தடவி, அந்தப் பசைக்குச் சொன்ன டார்க் எண்ணையே எடுங்கள். எஞ்சின் ஆயிலுக்குச் சொன்ன எண்ணைப் பசைக்கு வைத்தால் அளவுக்கு மேல் நீண்டுவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில்.

ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டட் நிற்கும்போது ஹெட்டை நேராக மேலே தூக்கித்தான் எடுக்க முடியும், வண்டிக்குள் வைத்தபடி வேலை செய்வதானால் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.