கண் மஞ்சளாகாத காமாலை

[காட்சி: குளச்சல் கடற்கரை, விடியற்காலை. வள்ளங்கள் கரையேறுகின்றன.]

இருபத்தாறு வயது இளைஞர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளச்சல் பக்கத்துக்காரர். வளைகுடாவில் மீன்பிடி வேலை கிடைத்துவிட்டது, கடன் வாங்கி ஏஜென்டுக்குப் பணமும் கட்டிவிட்டார். பாக்கி இருப்பது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். சீட்டு வருகிறது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற வரிக்கு எதிரே 'பாசிட்டிவ்'. பயணம் அத்தோடு நின்றுபோகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், வலை இழுக்கிறார். ஆனாலும் 'மஞ்சள் காமாலைக் கிருமி' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை வெறும் வயிற்றில் கீழாநெல்லி தயார்.

[காட்சி: வாழைத்தோட்ட வரப்பு. கீழாநெல்லிச் செடி, மிக அருகில்.]

கீழாநெல்லியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மழை ஓய்ந்தால் வரப்பிலும் மதில் ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கும். இலையின் அடியில் வரிசையாகக் காய் பிடிப்பதால் அந்தப் பெயர். பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ் மலையைப் பார்த்தபடி வளர்ந்தவர்களுக்குப் பச்சிலை மேல் இருக்கும் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பது ஊர்க்கதை.

அந்தச் சீட்டில் இருந்த ஐந்தெழுத்துக்கும் இந்தச் செடிக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர். பிறகு கீழாநெல்லியையும் சோதித்துப் பார்த்தவர். பெயர் பரூக் பிளம்பர்க்.

1925 ஜூலை 28, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது தென் அமெரிக்காவின் சுரினாமில் மோயெங்கோ என்ற சுரங்க ஊருக்குப் போனார். ஆப்பிரிக்கர், ஜாவாக்காரர், இந்தியர் என்று பல வம்சத்தார் ஒன்றாக வாழ்ந்த இடம். நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த யானைக்கால் நோய் அங்கேயும் இருந்தது. கொசு ஒன்றுதான், புழு ஒன்றுதான். ஆனால் ஒரு கூட்டத்தாரை அதிகமாகப் பிடிக்கிறது, இன்னொரு கூட்டத்தாரைக் குறைவாகப் பிடிக்கிறது. ஏன்? இந்தக் கேள்வியைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கல்லீரலைப் பற்றிய எண்ணமே அப்போது அவருக்கு இல்லை.

மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்க, உலகின் பல மூலைகளிலிருந்து இரத்த மாதிரிகளைச் சேர்த்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவரின் உடல், அடுத்தவர் புரதத்தை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் செய்துவைத்திருக்கும். அந்த எதிர்ப்பொருளை வைத்தே வேறுபாட்டைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

[காட்சி: கண்ணாடித் தட்டில் ஜெல்லி. நடுவில் ஒரு குழி, சுற்றிலும் குழிகள்.]

சோதனை முறை எளிமையானது. தட்டில் அகர் ஜெல்லி. நோன்புக் காலத்தில் தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளில் இனிப்புப் போட்டுக் காய்ச்சுவார்களே, அதே கடல்பாசிதான். அதில் சிறு குழிகள் தோண்டி, நடுக்குழியில் நோயாளியின் இரத்தநீரும் சுற்றிலும் பல ஊர்க்காரர்களின் இரத்தநீரும் விடுவார்கள். இரண்டும் ஜெல்லிக்குள் ஊறிப் பரவும். பொருத்தமான இரண்டு சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

1963இல் பிளம்பர்க்கும் ஹார்வி ஆல்டரும் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தார்கள். ஒரு பக்கம், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளி. மறுபக்கம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவர். உலகின் எதிரெதிர் முனைகளில் இருந்த இருவர் இரத்தம் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? காரணம் தெரியவில்லை. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். ஆன்டிஜென் என்றால் உடலை எதிர்ப்பொருள் செய்யத் தூண்டும் பொருள். நம் இளைஞரின் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருப்பது அதுதான்.

முதலில் அவர்கள் போட்ட கணக்கு தப்பு. லுக்கேமியா நோயாளிகளிடம் அது அதிகமாகத் தென்பட்டதால், இரத்தப் புற்றுநோய்க்கான பரம்பரைக் கூறு என்று எண்ணினார்கள். அப்படியானால் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களிடமும் இருக்க வேண்டும், அவர்களுக்கு லுக்கேமியா வரும் வாய்ப்பு அதிகம். தேடினார்கள், இருந்தது! தப்பான கருத்துக்குச் சரியான சாட்சி கிடைப்பதைவிடப் பெரிய ஆபத்து ஆராய்ச்சியில் வேறு இல்லை என்பேன்.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு முரண்பாடு. பரம்பரைக் கூறு என்றால் பிறவியிலிருந்தே இருக்க வேண்டும். ஆனால் 1966இல், முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்த டவுன் சிண்ட்ரோம் நோயாளி ஒருவருக்கு அடுத்த சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தது. நடுவில் அவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தார்கள். கல்லீரல் அழற்சி வந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஆய்வகத்தின் உள்ளேயே அது நடந்தது. பார்பரா வெர்னர் என்ற ஆய்வக உதவியாளருக்கு உடம்பு சரியில்லை. சந்தேகம் வந்து தன் இரத்தத்தைத் தானே சோதித்தார். கோடு விழுந்தது. அவர் முழுமையாகக் குணமடைந்தார். ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பரம்பரைச் சொத்து அல்ல, ஒரு வைரஸின் மேலுறை என்பது தெளிந்துகொண்டே வந்தது. டோக்கியோவில் ஒகோச்சியும் நியூயார்க்கில் ஆல்ஃப்ரட் பிரின்ஸும் தனித்தனியாக அதை உறுதிசெய்தார்கள்.

அதன்பிறகு வேகம் பிடித்தது. இரத்த வங்கிகளில் இந்தச் சோதனை வந்தது. வைரஸை வளர்க்கத் தெரியாத காலத்திலேயே, நோயாளியின் இரத்தத்தில் மிதக்கும் மேலுறையை மட்டும் பிரித்துத் தடுப்பூசி செய்யலாம் என்று பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் 1969இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1976இல் நோபல். 1981இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி. 1986 முதல், மனித இரத்தம் தேவைப்படாமல் ஈஸ்டில் தயாரித்த ஊசி. 1984இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் பின்னாளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி இது.

[காட்சி: மீண்டும் கீழாநெல்லி. இப்போது அம்மியின் மேல்.]

இனி நம் செடி. நோபல் வாங்கியவர் 'பாட்டி வைத்தியம்' என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிளம்பர்க் சிரிக்கவில்லை. அவருடைய ஃபிலடெல்ஃபியா ஆய்வகத்தில் வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, இதே குடும்ப வைரஸ் பிடிக்கும் வுட்சக் என்ற கொறிவிலங்கிடம் கீழாநெல்லி இனச் செடியின் சாற்றைச் சோதித்தார்கள். 1987இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தந்தது. அடுத்து மனிதர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்த ஆன்டிஜென் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

இங்கேயே வீடியோவை நிறுத்தினால் நமக்கெல்லாம் பெருமையாக இருக்கும். வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதும் இந்தப் பாதிக்கதைதான். மீதிக்கதை: தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னர் எல்லா ஆய்வுகளையும் அலசியவர்கள், நம்பத்தக்க ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள்.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்கு எப்படிக் குணமானது? எட்டாம் வகுப்பில் எனக்கும் காமாலை வந்தது. கண்ணும் மூத்திரமும் மஞ்சள். பாட்டி மோரில் கீழாநெல்லி கலக்கிக் கொடுத்தார், உப்பில்லாப் பத்தியம் வைத்தார். மூன்றாவது வாரம் கண் தெளிந்தது. அந்த வெற்றியைப் பாட்டி இன்றுவரை தன் கணக்கில்தான் வைத்திருக்கிறார். ஆனால் குடிநீர் வழியாக வரும் ஏ, இ வகை அழற்சிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் பி வைரஸையும் 100இல் 95 பேரின் உடல் தானே விரட்டிவிடும். அந்த நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேர் ஆய்வில் ஏன் இருந்தார்கள் என்பது இப்போது புரியும்.

மஞ்சள் என்பது அடையாளம், அதுவே நோயல்ல. நம் இளைஞருக்கு அந்த அடையாளமும் இல்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து இந்த வைரஸ் தொற்றினால் 100இல் 90 குழந்தைகளுக்கு அது நிலையாகத் தங்கிவிடும். பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டுச் சிலருக்குக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு இது நிலைத்த தொற்றாக இருந்தது.

அவர் செய்ய வேண்டியது, கல்லீரல் என்சைம், வைரஸ் அளவு, ஸ்கேன் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேட்பது. எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அவை இலவசம். தானாக நிறுத்திவிடக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ கட்டிப்பிடித்தாலோ பரவாது, தட்டைத் தனியாக வைக்கும் கொடுமையை யாரும் செய்ய வேண்டாம். சவரக் கத்தியும் பிளேடும் மட்டும் தனியாக இருக்கட்டும். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் சோதனை, பிறகு தடுப்பூசி.

பி தடுப்பு மருந்தும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிளம்பர்க் காலமாகியிருந்தார். அதற்குள் நாசாவில் வேற்றுக்கிரக உயிர் தேடும் நிறுவனத்துக்குத் தலைமை வகித்துவிட்டார், அது வேறு கதை. அவருடைய பிறந்த நாளைத்தான் உலகக் கல்லீரல் அழற்சி நாளாக வைத்திருக்கிறார்கள்.

[காட்சி: மருத்துவமனை வராந்தா. பெஞ்சில் இளைஞர், கையில் சீட்டு.]

மருத்துவர் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த முறை வீட்டாரையும் அழைத்து வரச் சொல்வார். முதலில் அம்மாவை. தனக்கு எதற்குச் சோதனை, தனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா மறுப்பார். அவருடைய கண்ணும் வெள்ளையாகத்தான் இருக்கும்.