ஓடைக்கரைச் செடிகளை அடையாளம் காண்பது

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் என்றாலே எல்லோரும் குறிஞ்சியைத்தான் கேட்கிறார்கள். அது 12 ஆண்டுக்கு ஒருமுறை. வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை ஓடைகளில் பார்க்க வேண்டியவை ஒவ்வொரு மழைக்கும் இருக்கின்றன. இன்று அவற்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பூவை மட்டும் படம் பிடித்துக் காட்டி, "இது என்ன செடி?" என்று கேட்பவர்கள் நிறைய. அதை வைத்துக்கொண்டு பெயர் சொல்வது பல நேரம் முடியாத காரியம். செடி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் அடையாளம். தண்ணீருக்குள்ளேயே வேர்விட்டிருக்கிறதா, சாரல் படும் பாறையிலா, கரைச் சேற்றிலா, ஓடைமேல் சாய்ந்த மரத்தின் பாசியிலா? பத்தடிக்குள் இத்தனை இடமும் இருக்கும், இடத்துக்கு ஏற்பச் செடியும் மாறும். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் இதுதான் முதலில் மறந்துபோகும்.

அப்புறம் தண்டு. புல் மாதிரி தெரிவதெல்லாம் புல் இல்லை. தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. உருண்டையாக, கணுக்கணுவாக இருந்தால் புல். கோரையில் இலைகள் மூன்று வரிசையாக வரும், புல்லில் இரண்டே வரிசை. பூ இல்லாத மாதத்திலும் இவ்வளவு சொல்லிவிடலாம்.

இனி, எனக்குப் பிடித்த சமாச்சாரம்: காட்டுக் காசித்தும்பைகள். நாம் வாசலில் வளர்க்கும் காசித்தும்பையின் உறவுக்காரச் செடிகள் இந்த ஓடையோரங்களில் பலவகை உண்டு. தண்டு சதைப்பற்றாக இருக்கும். முற்றிய காயைத் தொட்டதும் வெடித்து விதை தெறிக்கும். ஆக, காசித்தும்பைதான் என்று கண்டுபிடிப்பது சுலபம். எந்தக் காசித்தும்பை என்பதில்தான் வம்பு. இலைகள் தண்டில் எதிரெதிரா, மாறி மாறியா? சிலவற்றில் நிமிர்ந்த தண்டே கிடையாது, இலைகள் தரையிலிருந்து கிளம்ப, பூக்காம்பு மட்டும் எழுந்து நிற்கும். பூவின் பின்னால் வால் போல ஒரு தேன்குழல் இருக்கும். அது நீளமா, குட்டையா, வளைந்ததா என்று பார்க்க வேண்டும். பறித்துத் தாளில் அழுத்தினால் பூ கசங்கி ஒட்டிக்கொண்டு, உருவமே தெரியாமல் போய்விடும். லண்டன் கியூ தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 1911-இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் காய்ந்த காசித்தும்பைகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒரே படம்தான் எடுக்க முடியும் என்றால் பக்கவாட்டுப் படமே போதும்.

பெரணிகளுக்குப் பூவே கிடையாது. இலையைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சி முட்டை என்று பலர் பயப்படுகிறார்கள். அவை வித்துப் பைகள். இலையின் ஓரத்தில் இருக்கின்றனவா, நரம்பை ஒட்டியா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும் மரப்பெரணி என்றால் இலைக்காம்பின் அடியில் செதிலா, முள்ளா, என்ன நிறம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஓடையோரம் வெள்ளை வெளேரென்று நிற்கும் காலா லில்லி நம் ஊர்ச் செடி இல்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. அந்த வெள்ளை, இதழும் இல்லை, பூவைச் சுற்றிய மடல். நடுவிலிருக்கும் மஞ்சள் தண்டில் நெருக்கமாக ஒட்டியிருப்பவைதான் பூக்கள். அழகுதான், ஆனால் ஈரமண்ணை அது பிடித்துக்கொண்ட இடத்தில் சின்னச் செடிகளுக்கு இடமில்லை.

சரி, குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? இப்படி: "வட்டக்கானல். ஓடைக்கரை, ஈரப்பாறை, நிழல். ஒரு சாண் உயரம். தண்டு சிவப்பு, சதைப்பற்று. இலை எதிரெதிர், ஓரம் ரம்பப்பல். பூ இளஞ்சிவப்பு, வால் வளைந்தது. காய் இன்னும் வரவில்லை." கூடவே தேதி. நிறத்தைப் பூ வாடுமுன் எழுதிவிடுங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் பறிக்கக் கூடாது, அதனால் குறிப்பும் படமும்தான் நம் கையில் மிஞ்சும். பழநி மலைச் செடிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்த அருட்தந்தை கே. எம். மாத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் தாவரக் காப்பகம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது. உங்கள் குறிப்பை அங்குள்ள காய்ந்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டுமானால், போவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.