சர்க்குலர் சா பேஸ் வளைஞ்சா தட்டி நிமித்தலாமா, மாத்தணுமா?

கோபி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க, "அண்ணா, மரம் அறுக்கற ஏழேகால் இன்ச் சர்க்குலர் சா சாரத்துல இருந்து கீழ விழுந்து பேஸ் (அடித்தகடு) முன் மூலை வளைஞ்சிருச்சு, அறுத்தா கோட்டை விட்டு வெலகுது, சுத்தியல்ல தட்டி நிமித்திக்கலாமுங்களா"ன்னு.

தம்பி, மொதல்ல பிளக்கை புடுங்கிருங்க, பேட்டரி மிஷினா இருந்தா பேட்டரிய கழட்டி அக்கட்டால வெச்சுருங்க, பிளேடையும் கழட்டிருங்க. அப்பறம் ஒரு காந்தத்தை பேஸ்ல வெச்சு பாருங்க. ஒட்டுச்சுன்னா இரும்புத் தகடு, நிமித்தலாம். ஒட்டலைன்னா அது பெரும்பாலும் அலுமினியம் இல்லைன்னா மெக்னீசியம் வார்ப்பா இருக்கும், அதைய தட்டவே தட்டாதீங்க, கோயமுத்தூர்ல பவுண்டரில வேலை பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வார்ப்பு திரும்ப வளையாது, விரிசல் தான் விடும், வெளிய தெரியாத விரிசலோட அறுக்கறப்ப பாதில உடைஞ்சா என்ன ஆகறதுங்க. மெக்னீசியத்துல கிரைண்டரும் வெக்காதீங்க, அந்தத் தூள் தீப்புடிக்கும், தண்ணி ஊத்துனாலும் அடங்காது. அப்படிப்பட்ட பேஸ்னா புதுசு வாங்கி மாத்திருங்க.

இரும்புன்னா, மிஷின்ல இருக்கறப்பவே தட்டாதீங்க. நான் ஆரம்பத்துல அப்படித்தான் தட்டுனேன், மூலை நிமிந்துச்சு, ஆனா சாய்மானம் வெக்கற பிராக்கெட் ரிவெட் லூசாகி அந்த மிஷின் அப்பறம் நேரா அறுக்கவே இல்லைங்க, இன்னும் எனக்கு அது மனசுல இருக்கு. அதனால பேஸை தனியா கழட்டுங்க, பின்னாடி இருக்கற ஆழம் வெக்கற போல்ட்டு, முன்னாடி சாய்க்கற நாப், பெரும்பாலும் இந்த எடங்கள்லதான் மாட்டியிருக்கும். எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கங்க.

சமையல்கட்டு கல் போட்டு மிச்சமான கிரானைட் துண்டு கல்லுக் கடைல கேட்டா கிடைக்கும், அது மேல பேஸை வெச்சு சுத்தியும் ஒரு பேப்பரை சொருகிப் பாருங்க, பேப்பர் எங்கெல்லாம் உள்ள போகுதோ அங்க தூக்கியிருக்குன்னு அர்த்தம், மார்க்கர்ல குறிச்சுக்கங்க. அடிக்கறதை விட அழுத்தறது நல்லது. ரெண்டு பக்கமும் கட்டை குடுத்து சி கிளாம்ப் போட்டு மெதுவா முறுக்குங்க, தகடு விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும், அதுனால ஒரு நூல் அளவு அதிகமா முறுக்கணும். கடைசில மிச்சத்துக்கு மட்டும் கொட்டாப்புளி, அதான் மரச் சுத்தியல். வளைச்சு வளைச்சு நிமித்தாதீங்க, மடிப்பு விழுந்த எடம் கெட்டியாகி பிச்சுக்கும். கேஸ்ல சூடு காட்டவும் வேண்டாம், மெல்லிசு தகடு வேற பக்கம் முறுக்கிக்கும்.

மட்டமாயிருச்சுன்னு நிறுத்திராதீங்க தம்பி, நெறைய பேரு இங்கதான் விட்டுடறாங்க. பேஸ் மாட்டி, பிளேடை மாட்டி, முழு ஆழத்துக்கு இறக்கி, பிளேடை மூடற கார்டை தூக்கிப் புடிச்சு, பிளேட்ல ஒரே ஒரு பல்லுல குறி போடுங்க. அந்தப் பல்லு முன்னாடி இருக்கறப்ப பேஸ் ஓரத்துக்கு எவ்வளவு தூரம்னு அளந்து, அதே பல்லை கையால பின்னாடி சுத்திக் கொண்டாந்து மறுபடியும் அளக்கணும். வேற பல்லுல அளந்தா பிளேடு கோணலும் சேந்துக்கும். ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும், அரை மில்லி வித்தியாசமே எனக்கு ஜாஸ்தி. ஏன்னா பின்பக்கப் பல்லு மரத்துக்குள்ள இருந்து மேல ஏறி வருது, பிளேடு கோணலா ஓடுனா அந்தப் பல்லு அறுத்த சந்துல உரசி மிஷினை அப்படியே நம்ம மேல தூக்கி எறியும், நிமிசத்துக்கு 5000 சுத்துக்கு பக்கத்துல ஓடற பிளேடுங்க அது. கோடு வெலகுதுன்னு சொன்னீங்களே, அதே கோணல்தான் கையையும் வாங்கும்.

மூலமட்டத்தை பிளேடோட தட்டைப் பக்கத்துல, பல்லு படாம, சேத்து வெச்சு 90 டிகிரி சரி பாருங்க, பெரும்பாலான மிஷின்ல அதுக்கு ஒரு ஸ்டாப் ஸ்குரூ இருக்கும். கார்டு விட்டதும் சட்டுன்னு தானா மூடணும், எங்கயாவது பேஸ்ல உரசி நின்னுச்சுன்னா மிஷினை ஓட்டாதீங்க. எல்லாம் சேரியா இருந்தா வீணான பிளைவுட்ல நேரான கட்டையை பட்டமா வெச்சு ஒரு தடவ அறுத்துப் பாருங்க, ஓரம் கருகுனாலோ மோட்டார் சத்தம் தெணறுனாலோ பிளேடும் பேஸ் ஓரமும் இன்னும் இணையா வராம இருக்கலாம். இணை திருத்தற ஸ்குரூ உங்க மாடல்ல இருந்தா அதுல திருத்துங்க, இல்லைன்னா மாடல் நம்பரை போட்டோ எடுத்துட்டு ஸ்பேர் கடைக்குப் போயி பேஸை மாத்திருங்க தம்பி.