குளிர் மலைக்கு ஸ்லீப்பிங் பேக்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரி சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் பிறந்து இப்போது அமெரிக்காவில், கொலராடோவில் வேலை பார்க்கிற ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். நவம்பரில் ஆபீஸ் நண்பர்களோடு எல்க் மான் வேட்டைக்கு மலையேறப் போகிறாராம். லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது, ராத்திரி எல்லாம் கூடாரத்தில்தான் தங்கல், எந்த ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே புகுந்து தூங்குகிற பை, வாங்கலாம் அண்ணே என்று கேட்கிறார். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆனால் டிசம்பரில் இமயமலையில் கேதார்கந்தா, குவாரி பாஸ் என்று பனியில் ஏறப் போகிறவர்கள் வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கமே இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் விஷயம், பையின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கிற எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மைனஸ் 10 என்று போட்டிருந்தால் மைனஸ் 10-ல் நன்றாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. முறையாகச் சோதித்த பை என்றால் உள்ளே லேபிளில் ஐஎஸ்ஓ 23537 என்று சோதனைத் தரத்தின் எண் இருக்கும். பழைய பைகளில் இஎன் 13537. அதற்குக் கீழே கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ தூங்கிவிடக்கூடிய குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கிற கணக்கு. அந்த எண்ணை நம்பி யாரும் மலைக்குப் போகக் கூடாது.

கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். நிறைய கம்பெனிகள் பையின் பெயரிலேயே வைப்பது லிமிட் எண்ணைத்தான். நாம் ஜனவரி விடியற்காலையிலேயே 20 டிகிரி குளிருக்குப் போர்வையைத் தேடுகிற ஊர்க்காரர்கள். நமக்குக் கம்ஃபர்ட் எண்தான் கணக்கு. போகிற இடத்தில் ராத்திரி மைனஸ் 8 வரை இறங்கும் என்றால், கம்ஃபர்ட் மைனஸ் 10 அல்லது அதற்கும் கீழே இருக்கிற பையாகப் பாருங்கள். வெக்கையாக இருந்தால் ஜிப்பைத் திறந்துகொள்ளலாம். குளிர்ந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே கடையைத் தேட முடியாது.

கொலராடோ தம்பிக்கு இன்னொன்று. உங்கள் ஊர் பைகளில் போட்டிருப்பது ஃபாரன்ஹீட். 20 டிகிரி பை என்றால் நம் செல்சியஸ் கணக்கில் கிட்டத்தட்ட மைனஸ் 7. ஜீரோ டிகிரி பை என்றால் மைனஸ் 18. அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கி வரச் சொல்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். அங்கே எழுதியிருக்கிற 20-ஐப் பார்த்து, இது நம் மெரினாவுக்குத்தான் சரி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது. பை தானாகச் சூடு கொடுக்காது. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். காசிமேட்டில் மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டி மாதிரி. அங்கே ஐஸைக் காப்பாற்றுவதும் இங்கே நம்மைக் காப்பாற்றுவதும் உள்ளே அடைபட்ட காற்றுதான். இப்போது கேமராவைப் பாருங்கள். இந்த டவுன் பையை, அதாவது வாத்தின் நெஞ்சுப் பஞ்சு அடைத்ததை, சுருட்டிய உறையில் இருந்து எடுத்துப் போடுகிறேன். முதலில் துவண்டு கிடக்கிறது. கொஞ்சம் உதறிவிட்டு அப்படியே விட்டால் மெல்ல மெல்ல உப்பிக்கொண்டு வருகிறது, பார்த்தீர்களா? இந்த உப்பல்தான் சூடு. அது எவ்வளவு உப்பும் என்பதைத்தான் 650, 800 என்று ஃபில் பவர் எண்ணாகப் போடுகிறார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் பஞ்சு எத்தனை கன அங்குலம் இடத்தை அடைக்கும் என்ற அளவு அது. ஆனால் எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 800 பவரில் 300 கிராம் இருக்கிற பையைவிட 650 பவரில் 600 கிராம் இருக்கிற பை கதகதப்பாகவே இருக்கும். எடை மட்டும் கூடும்.

டவுனுக்கு எதிரி ஈரம். நனைந்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும், காயவும் நாளாகும். சிந்தெடிக் பை, அதாவது செயற்கை இழை அடைத்தது, கனமாக, பருமனாக இருக்கும், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஈர விஷயம் முக்கியம். மணிக்கணக்கில் அசையாமல் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள். மான் விழுந்துவிட்டால் வேலை தலைகீழ். ஓர் ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். இறைச்சியை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவதற்குள் உடம்பெல்லாம் வேர்வை. அந்த உடுப்போடு பைக்குள் நுழைந்தால் எந்தப் பையும் காப்பாற்றாது. உலர்ந்த ஒரு செட் உள்ளாடையும் சாக்ஸும் தூங்குவதற்கென்றே தனியாக வையுங்கள். கொலராடோ மலை வறண்ட குளிர், அதனால் தம்பிக்கு டவுன் பைதான் என் ஓட்டு. தண்ணீர் புகாத உறைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். அலாஸ்கா கடலோரம் மாதிரி ஓயாமல் மழை பெய்கிற இடம் என்றால் யோசிக்காமல் சிந்தெடிக்.

வாங்கும்போது ஜிப்புக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீளமாக ஒரு பஞ்சுக் குழாய் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் ஜிப் வழியாகக் குளிர் உள்ளே வந்துவிடும். கழுத்தைச் சுற்றியும் அதே மாதிரி ஒரு காலர் வேண்டும். அப்புறம் தையல். மேல் துணியையும் கீழ்த் துணியையும் நேராக ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தக் கோட்டில் பஞ்சே இருக்காது. கோடைக்குப் பரவாயில்லை, பனிக்கு ஆகாது.

இனி, பலர் காசு செலவழிக்க யோசிக்கிற சாமான். கீழே போடுகிற மேட். நாம் படுத்த உடனே முதுகுக்கு அடியில் இருக்கிற பஞ்சு நசுங்கிவிடும், உப்பல் இல்லை, சூடும் இல்லை. தரைக் குளிரைத் தடுப்பது மேட்தான். எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்ல ஆர் வேல்யூ என்று ஓர் எண் உண்டு. சாதாரண ஃபோம் மேட்டுக்கு 2 பக்கம் வரும். பனிமேல் படுக்க 5-க்கு மேல் வேண்டும். ஃபோம் மேட் மேல் காற்றடிக்கிற மேட்டைப் போட்டால் இரண்டு எண்ணையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம். பட்ஜெட் குறைவு என்றால் பையில் கொஞ்சம் குறைத்தாலும் மேட்டில் குறைக்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

கேதார்கந்தாவுக்கு ஒரு தடவைதான் போகப் போகிறேன் என்பவர்கள் வாங்கவே வேண்டாம். மலையேற்றம் தொடங்குகிற சாங்க்ரி ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். பையை விரித்து, ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு துணி லைனர் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

சொந்தமாக வாங்குகிறவர்கள், ஊர் திரும்பியதும் சுருட்டிய உறையிலேயே விட்டு பரண்மேல் போடாதீர்கள். நம் பக்கம் கடல் காற்று, ஈரம் எப்போதும் இருக்கும். பூஞ்சை பிடித்து நாற்றம் வந்துவிடும், நசுங்கிய பஞ்சும் பிறகு சரியாக உப்பாது. பெரிய காட்டன் பையில் தளர்வாகப் போட்டு, காற்றாடும் இடத்தில் தொங்க விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். டவுன் பையைத் துவைக்க அதற்கென்றே சோப்பு விற்கிறது, சாதாரண சோப்புத்தூள் பஞ்சில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும்.

நீங்கள் போகிற இடம், மாதம், எத்தனை ராத்திரி என்று எழுதி அனுப்புங்கள். எந்த எண்ணில் பை பார்க்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். வரட்டுமா?